மகளின் பெயரைச் சொல்லுதல்

மருத்துவமனைக்கு வருவோரிடம் வழக்கமாகக் கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று, "உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்பது. பெரும்பாலோர் எண்ணிப் பாராமலே விடை கூறிவிடுவர். இளம் மகளை அடக்கம் செய்த தாய்க்கோ தந்தைக்கோ அவ்வினா எளிதன்று. உயிரோடிருக்கும் பிள்ளைகளை மட்டும் சொன்னால் இறந்தவளை மறுதலித்ததுபோல் மனம் குத்துகிறது. அவளையும் சேர்த்துச் சொன்னால், "அவள் என்ன படிக்கிறாள்?" என்னும் அடுத்த வினா வந்து நிற்கிறது. கிறிஸ்தவப் பெற்றோருக்கு இதனுடன் இன்னொரு பாரமும் சேர்கிறது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் இவ்வளவு காலம் அழலாமா? அவள் ஆண்டவரிடம் இருக்கிறாள் என்று அறிக்கையிட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து அவளுடைய பாவாடையை எடுத்து முகர்ந்து பார்ப்பது விசுவாசக் குறைவு அல்லவா? உறவினர் கேட்கின்றனர். எவரும் கேளாவிடினும் உள்ளம் கேட்கிறது.

இவ்விதழின் பாடமாக அவ்வினாவையே எடுத்துக்கொள்கிறோம். நம் வாசகருள் பலர் பிற சமயத்தினர் என்பதை அறிவோம். மகளை இழக்கும் துயரம் சமயம் பார்த்து வருவதில்லையாதலின், இங்குச் சொல்லப்படுவனவற்றுள் பல அவர்களுடைய வீட்டுக்கும் பொருந்தும். விடையைக் கருத்துரைகளில் தேடுவதைவிட, அத்துயரைப் பட்டவர்களின் வாழ்வில் தேடுவதே நலம் என்று கருதுகிறோம்.

வேங்கிக்கால் வழியாக வடக்கே செல்லும் வேலூர்ச் சாலை நம் பகுதி மக்களுக்கு நன்கு பழக்கமானது. நோயுற்ற குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேருந்தேறி, போளூரைக் கடந்து வேலூருக்குச் சென்ற குடும்பங்கள் இங்குப் பல உண்டு. அவர்கள் சென்று சேரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவருடைய வரலாற்றைப் பலரும் அறிவர். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடரின் வரலாற்றில் ஒரு பகுதி மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நியூயார்க் நகரில் மருத்துவராக இருந்த அவர், மனைவி ஹாரியட்டுடனும் சிறு மகளுடனும் 1819 ஜூன் மாதத்தில் கப்பலேறினார். நான்கு திங்கள் கடற்பயணத்துக்குப் பின் கல்கத்தாவில் இறங்கினார்கள். இறங்கிய சில நாட்களுக்குள் அம்மகள் நோயுற்று இறந்தாள். அவ்வாண்டின் இறுதியில் கணவனும் மனைவியுமாக யாழ்ப்பாணம் சேர்ந்தனர். அங்குப் பிறந்த அடுத்த பெண் குழந்தையும் பச்சிளம் பருவத்திலேயே மறைந்தது.

ஸ்கடர் பின்னர் பண்டத்தரிப்பில் மருத்துவமனை அமைத்தார். 1836இல் சென்னைக்கு வந்தார். பின்னர்ப் பிறந்த பிள்ளைகளுள் பலர் இந்நாட்டில் பணிசெய்ததை வரலாற்று நூல்கள் பெருமையுடன் விரித்துரைக்கின்றன. முதற்பெண்மக்கள் இருவரும் அந்நூல்களில் ஒன்றிரண்டு வரிகளில் முடிந்துவிடுகின்றனர். தாய் தந்தையரின் உள்ளத்திலும் அவர்கள் ஒன்றிரண்டு வரிகளில் முடிந்திருப்பார்கள் என்று நாம் நினைக்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அத்தந்தை மருத்துவர். "இன்னும் ஒரு நாள் முன்னதாகக் கொண்டு சென்றிருந்தால்", "அந்த மருந்தை மாற்றிக் கொடுத்திருந்தால்" என்று பெற்றோர் தம்மைத்தாமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்வதை நாம் வார்டுகளில் நாள்தோறும் காண்கிறோம். கல்கத்தாவில் அக்குழந்தையின் அருகில் கற்றறிந்த மருத்துவரே, அதுவும் பெற்ற தந்தையே, இருந்தார். ஆயினும் நோயை உண்டாக்கும் கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று எவரிடத்தும் இல்லை. நரம்பின் வழியே நீரேற்றும் முறையும் இல்லை. இன்றைய மருத்துவத்துக்கும் எல்லை உண்டு. அவ்வெல்லையில் நேர்ந்த மரணத்துக்குப் பெற்றோரின் அன்பில் குறை தேடுவது நியாயமாகாது. ஐயம் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தால், சில வாரங்கள் கழித்து மருத்துவம் செய்த மருத்துவரைச் சந்தித்து, நடந்தது என்ன என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுதல் நன்று. அப்படிக் கேட்பது பெற்றோரின் உரிமை. மருத்துவர்மீது பழி சுமத்துவதாக எவரும் அதைக் கொள்ள வேண்டியதில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவியருள் ஒருவராக 1878இல் சேர்ந்த கிருபாபாய் சத்தியநாதனையும் இங்கு நினைக்க வேண்டும். அகமதுநகரில் கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தவர். உடல்நலம் கெட்டதால் மருத்துவப் படிப்பை விட நேர்ந்தது. பின்னர்ச் சென்னையின் சத்தியநாதன் குடும்பத்தில் மருமகளாகப் புகுந்து, உதகமண்டலத்தில் முஸ்லிம் சிறுமியருக்குப் பள்ளி நடத்தி, ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவராகப் புகழ் பெற்றார். அவருக்குப் பிறந்த ஒரே குழந்தை ஓராண்டு நிறையுமுன் இறந்துபோயிற்று. அத்துயரம் அவரை மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளியது. அதன்பின் காசநோயும் பற்றிக்கொண்டது. அந்நிலையிலும் "கமலா" என்னும் நாவலை எழுதி முடித்தார். 1894இல், முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். கல்வியும் பக்தியும் ஒருங்கே வாய்த்த இப்பெண்மணிக்கு மனச்சோர்வு வந்தபோது மருத்துவம் செய்யப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்வோம். ஜெபம் பண்ணினால் போதும், மனநல மருத்துவரிடம் போகவேண்டாம் என்று இன்றும் சொல்கிறவர்களுக்கு, நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் முந்திய கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று வேறு வழி நடந்தது என்று காட்டலாம்.

இனி, இப்பாடத்தில் நாம் சற்று நீண்ட நேரம் தங்கவிருக்கும் வீட்டுக்குச் செல்வோம். அது ஜெர்மனியில் உள்ள விட்டன்பெர்க் நகரில், மார்ட்டின் லூத்தரின் வீடு. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பெயரால் இன்றும் பள்ளி நடைபெறுகிறது. அந்த மிஷனின் பணியிலிருந்து வளர்ந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த குடும்பங்கள் நம் சுற்றுவட்டாரத்தில் வாழ்கின்றன. லூத்தரின் பெயரை நாள்தோறும் சொல்லும் அக்குடும்பங்களில்கூட, அவர் இரண்டு பெண்மக்களை இழந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

முதலில் இறந்தவள் எலிசபெத்து. 1527 டிசம்பரில் பிறந்து, 1528 ஆகஸ்டில், எட்டு மாதக் குழந்தையாக மறைந்தாள். தகப்பனின் நெஞ்சு ஒரு பிள்ளைக்காக இவ்வளவு இளகும் என்று தாம் ஒருபோதும் எண்ணியதில்லை என நண்பர் ஒருவருக்கு லூத்தர் அப்போது எழுதினார். போப்பாண்டவரையும் பேரரசரையும் எதிர்த்து நின்று அஞ்சாதவர் அவர். அடுத்த ஆண்டு மே மாதம் மகதலேனா பிறந்தாள். ஒரு குழந்தையை இழந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் மகளை எவ்வளவு அச்சத்தோடும் அன்போடும் வளர்ப்பார்கள் என்பதை நம் தாய்மார் அறிவர். வீட்டில் அவளை லேனா என்று செல்லமாக அழைத்தனர்.

1542 செப்டம்பரில், பதின்மூன்று வயதான லேனா கடும் நோயில் விழுந்தாள். அவளுடைய அண்ணன் ஹான்ஸ் அப்போது டோர்காவ் நகரில் படித்துக்கொண்டிருந்தான். தங்கை அவனைக் காண ஏங்கினாள். லூத்தர் வண்டி அனுப்பி மகனை வரவழைத்தார். இன்ன காரணம் என்று அவனிடம் சொல்லவேண்டாம் என்று ஆசிரியருக்கு எழுதிய மடலில் கேட்டுக்கொண்டார். வழிநெடுக அவன் அழுதுகொண்டு வரவேண்டாம் என்னும் தகப்பனின் எண்ணம் அதில் தெரிகிறது. அண்ணனும் தங்கையும் சந்தித்தனர். இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 20ஆம் நாள் இரவு, தந்தையின் கைகளில் அவள் உயிர் பிரிந்தது.

அவ்விரவில் லூத்தர் நடந்துகொண்ட விதத்தை உடனிருந்தோர் எழுதிவைத்துள்ளனர். இந்தத் தகப்பனிடம் இருக்க விருப்பமா, பரலோகத்திலுள்ள தகப்பனிடம் போக விருப்பமா என்று மகளைக் கேட்டார். தேவசித்தம்போல் ஆகட்டும் என்று அவள் சொன்னாள். கேட்டவர் அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டிலருகே மண்டியிட்டு மிகவும் அழுதார். தாய் காத்தரீனாள் அதே அறையில் இருந்தும், துயரம் தாளாமல் கட்டிலைவிட்டுத் தள்ளியே நின்றார். முந்திய இரவில் அழகிய இளைஞர் இருவர் வந்து மகளைத் திருமணத்துக்கு அழைத்துச் செல்வதாக அவர் கனவு கண்டிருந்தார் என்றும் எழுதப்பட்டுள்ளது.

நம் கவனத்துக்கு உரியவை இதற்குப் பின் எழுதப்பட்ட இரு மடல்கள். மரணம் நேர்ந்து மூன்றே நாள் கழித்து நண்பர் யோனாசுக்கு எழுதியது முதலாவது. மகள் நல்ல முடிவை அடைந்ததற்காகத் தாமும் மனைவியும் நன்றி செலுத்தவே வேண்டும். ஆயினும் பெற்ற பாசத்தின் வலிமையால், தேம்பாமல் அதைச் செய்ய இயலவில்லை. அவள் முகமும் சொல்லும் அசைவும் நெஞ்சின் ஆழத்தில் பதிந்துவிட்டன. கிறிஸ்துவின் மரணத்தை நினைப்பதும்கூட அத்துயரை முற்றிலும் அகற்றவில்லை என்பது அதன் சாரம். இரண்டாவது மடல் 1545 ஜூன் மாதத்தது. மனைவியையும் மகளையும் இழந்த ஓசியாண்டர் என்பவருக்கு ஆறுதலாக எழுதியது. அதில், தம் மகள் மகதலேனாவின் மரணம் இன்னமும் தம்மை வாட்டுகிறது, அவளை மறக்க இயலவில்லை, பிறருக்கு இது வியப்பாகத் தோன்றலாம் என்ற கருத்தில் எழுதுகிறார். அவள் நித்திய வாழ்வில் இருக்கிறாள் என்பதில் தமக்கு ஐயமில்லை என்பதையும் அதே இடத்தில் சொல்கிறார். மகள் இறந்து மூன்றாண்டு நிறையப்போகும் வேளை அது. அடுத்த பிப்ரவரியில் லூத்தரே காலமானார்.

விசுவாசத்தால் மட்டுமே மனிதன் இரட்சிக்கப்படுகிறான் என்று உலகுக்கு எடுத்துரைத்தவரின் நிலை இது. உறுதியான நம்பிக்கையும் ஆறாத நினைவும் ஒரே மடலில், அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. ஒன்று வந்தால் மற்றொன்று போய்விடும் என்று அவர் நினைக்கவில்லை. ஆகவே, ஈமச்சடங்கு முடிந்த நாற்பதாம் நாளில் ஒரு தாயிடம் வந்து, "இன்னும் அழுதால் ஆண்டவருக்கு ஏற்காது" என்று அறிவுரை கூறுகிறவர் லூத்தரைவிடப் பெரிய விசுவாசியா என்று நாம் பணிவுடன் கேட்கலாம்.

அறிவுரை கூறுவோர் வேதாகமத்திலிருந்தே சான்று காட்டுவதுண்டு. தாவீது அரசன், பிள்ளை உயிரோடிருந்தவரை உபவாசித்து அழுதான். இறந்தபின் எழுந்து குளித்து உணவருந்தினான் என்பர். உண்மைதான். அதே நூலில், சில அதிகாரங்கள் தள்ளி, அப்சலோம் என்னும் மகன் இறந்த செய்தி கேட்டு அதே தாவீது மாடியறைக்கு ஏறிக்கொண்டே பெயர் சொல்லிப் புலம்புகிறான். முதற்பகுதியை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மையாகாது.

யவீருவின் மகளைப் பற்றிய பகுதி இன்னும் நுட்பமானது. பன்னிரண்டு வயதுச் சிறுமி, தந்தை இயேசுவின் பாதத்தில் விழுந்து கேட்டார், அவள் எழுந்தாள். வார்டில் மகளின் தலைமாட்டில் அமர்ந்து இப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த பெற்றோர் பலர். அவர்களுடைய மகள் எழவில்லை. அப்போது, யவீருவுக்கு இருந்த விசுவாசம் உங்களிடம் இல்லை என்று யாரேனும் சொல்லிவிட்டால், அது ஆயுள் முழுதும் ஆறாத புண்ணாகிவிடும். அப்பகுதி அப்படிச் சொல்லவில்லை. அந்நாளில் அவ்வூரில் இறந்த மற்றக் குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி அதில் ஒரு குறைச்சொல்லும் இல்லை. இரங்கல் கூற வருவோர் இதை நன்றாக நினைவில் வைக்கவேண்டும்.

யோபுவின் நூலிலும் ஒரு செய்தி உண்டு. முடிவில் அவருடைய ஆடுகள் ஏழாயிரத்துக்குப் பதில் பதினாலாயிரமாகின்றன. எல்லா மந்தையும் இரட்டிப்பாகிறது. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு மகன்கள், மூன்று மகள்கள். இழந்த பிள்ளைகள் இழக்கப்பட்டவர்கள் அல்லர், அவர்களையும் சேர்த்தால் கணக்கு இரட்டிப்புத்தான் என்று பழைய உரையாளர்கள் விளக்கம் கூறுவர். நமக்கோ வேறொன்று உறுத்துகிறது: பின்னர்ப் பிறந்த மூன்று மகள்களின் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன; இறந்த மூவரின் பெயர்கள் எங்கும் இல்லை. "இன்னொரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று இளம் தம்பதியரிடம் சொல்வோர் இவ்விடத்தைப் படிக்க வேண்டும். அடுத்த குழந்தை வரமாகவே வரலாம். ஆயினும் முந்தியவளின் இடத்தை நிரப்பும் பொறுப்பை அதன்மேல் ஏற்றலாகாது.

மருத்துவ அறிவும் இவ்விஷயத்தில் சுற்றிவந்தே இவ்விடத்தை அடைந்தது. இறந்தவரிடமிருந்து பற்றைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதே துக்கத்தின் வேலை என்ற கருத்தை சிக்மண்ட் பிராய்டு 1917இல் வெளியிட்டார். பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் அதையே பின்பற்றியது. ஆனால் பிராய்டின் மகள் சோபி 1920இல் இறந்தாள். ஒன்பது ஆண்டு கழித்து, அவளுடைய பிறந்தநாளில், மகனை இழந்த நண்பருக்கு அவர் எழுதிய மடலில், இழந்ததற்கு ஈடாக எதுவும் அமையாது, அமையாமலிருப்பதே சரி என்ற பொருள்பட எழுதினார். தம் கோட்பாட்டுக்குத் தாமே விலக்கானார் என்று சொல்லத் தோன்றுகிறது. 1996இல் டென்னிஸ் கிளாஸ் முதலிய ஆய்வாளர்கள், நலமாக வாழும் பெற்றோர் இறந்த பிள்ளையோடு உள்ள உறவை அறுப்பதில்லை, அதை வேறு வடிவில் தொடர்கின்றனர் என்று எடுத்துக்காட்டினர். துக்கம் ஐந்து படிகளில் ஏறி முடியும் என்று பரவலாகச் சொல்லப்படுவதும் முழு உண்மையன்று. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அப்படிகளை எழுதியது, சாவை எதிர்நோக்கும் நோயாளிகளைப் பற்றி. இன்னும் நான்காம் படிக்கு வரவில்லையே என்று எந்தப் பெற்றோரும் கவலைப்பட வேண்டியதில்லை.

அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் நடந்தது நம்மைப் போன்ற மருத்துவமனைகளுக்கு நேரடியான பாடம். அங்குள்ள மருத்துவமனையில் உதவி குருவாக இருந்தவர் சைமன் ஸ்டீபன்ஸ் என்னும் இளைஞர். மகனை இழந்த இரு குடும்பங்களை அவர் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தினார். தாம் சொல்லும் ஆறுதலைவிட, அப்பெற்றோர் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது மிகுதியாக உதவுவதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த பெற்றோர் சங்கம் பின்னர்ப் பல நாடுகளில் பரவியது. அவர்கள் கூடிச் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசினார்கள். கேட்டவர் பேச்சை மாற்றவில்லை.

நம் வீடுகளில் பேச்சு உடனே மாற்றப்படுகிறது. தாய் அழுதுவிடுவாள் என்னும் அச்சத்தால் மகளின் பெயரையே எவரும் எடுப்பதில்லை. புகைப்படம் சுவரிலிருந்து பீரோவுக்குள் போய்விடுகிறது. இதற்கிடையில் அலுவலகங்கள் அவள் பெயரை ஒவ்வொன்றாக நீக்குகின்றன. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். குடும்ப அட்டையிலிருந்து பெயரை எடுக்க வேண்டும். பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். இவை செய்தே ஆகவேண்டியவை. ஒரு சித்தப்பாவோ மாமாவோ உடன் சென்று இவ்வேலைகளை முடித்துத் தந்தால், அது பத்து இரங்கல் கூட்டங்களுக்கு ஈடாகும். ஆனால் எழுத்தில் நீக்கப்படும் பெயர் வீட்டிலேனும் ஒலிக்கட்டும். "இந்தக் குழம்பு உங்கள் மகளுக்கு ரொம்பப் பிடிக்குமே" என்று அண்டைவீட்டார் சொன்னால் தாய் அழலாம். அச்சொல் புதிதாக ஒரு துயரத்தை உண்டாக்கிவிடவில்லை. முன்பே உள்ளே இருந்ததற்கு ஒரு துணை கிடைத்தது, அவ்வளவே. தொடக்கத்தில் சொன்ன வினாவுக்கும் பெற்றோர் தமக்கேற்ற விடையை முன்னரே முடிவு செய்து வைத்துக்கொள்ளலாம். அந்நியரிடம் ஒரு விடை, நெருங்கியவரிடம் ஒரு விடை என்று வைத்துக்கொள்வது பொய்யும் அன்று, மறுதலிப்பும் அன்று. மருத்துவரிடம் மட்டும் முழு விவரமும் கூறவேண்டும். அடுத்த பேறுகாலத்தில் அவ்விவரம் மருத்துவத்துக்குத் தேவைப்படும்.

உடலும் நினைவுகூர்கிறது. பசி கெடுதல், உறக்கமின்மை, மார்பில் பாரம், மகள் கூப்பிட்டதுபோல் குரல் கேட்டல், பள்ளி விடும் நேரத்தில் கால்கள் தாமே வாசலுக்குச் செல்லுதல் ஆகியவை முதல் மாதங்களில் பலருக்கும் நேர்வன. பித்தின் அறிகுறிகள் அல்ல. ஆண்டில் சில நாட்களில் இவை மீண்டும் வலுக்கும். நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஆண்டின் கடைசி இரண்டு மாதங்கள் கடினமானவை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கல்லறையைத் துப்புரவு செய்து, சுண்ணாம்படித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துத் திரும்புகின்றனர். பின்னர்க் கார்த்திகை தீபத் திரளால் ஊர் நிறைகிறது. தோளில் குழந்தைகளோடு கிரிவலம் செல்லும் பெற்றோர் எங்கும் தென்படுகின்றனர். அக்கூட்டம் கலையுமுன் வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏறிவிடுகிறது. புத்தாடை எடுக்கும்போது எண்ணிக்கை ஒன்று குறைகிறது. இந்நாட்களை எப்படிக் கழிப்பது என்று குடும்பத்தார் முன்னதாகவே பேசிவைத்துக்கொள்வது உதவும். அவளுடைய புத்தாடைக்கான தொகையில் இன்னொரு சிறுமிக்கு ஆடை எடுக்கும் குடும்பங்கள் உண்டு. ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருந்துவிடுவதும் குற்றமன்று.

கணவனும் மனைவியும் ஒரே விதமாகத் துக்கிப்பதில்லை. கட்டிலருகே மண்டியிட்ட லூத்தரையும், தள்ளி நின்ற காத்தரீனாளையும் நினைத்துக்கொள்வோம். எட்ட நின்றவர் நேசம் குறைந்தவர் அல்லர். நம் நாட்டில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. மனைவி அழுகிறாள், கணவன் பத்தாம் நாளே வேலைக்குக் கிளம்பி இரவில் நேரம் கழித்து வருகிறான். "உங்களுக்கு அவளைப் பற்றிக் கவலையே இல்லை" என்னும் சொல் அப்போது பிறக்கிறது. வேலைக்குச் செல்வதும் துக்கத்தைத் தாங்கும் ஒரு வழியே என்பதை மனைவியும், அழுகை அடங்க வேண்டிய நோயன்று என்பதைக் கணவனும் அறிந்தால் அவ்வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

நாகப்பட்டினத்தில் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் தம் இரு மகள்களையும் ஒரு மகனையும் இழந்த பரமேஸ்வரன், சூடாமணி என்னும் கிறிஸ்தவத் தம்பதியரைப் பற்றிச் செய்தித்தாள்களில் பலர் படித்திருப்பர். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த உறவினர்களையும் அன்றே இழந்தனர். வாழ்வை முடித்துக்கொள்ளலாமா என்று எண்ணிய அவர்கள், பெற்றோரை இழந்து நின்ற குழந்தைகளைத் தம் வீட்டுக்கே அழைத்துவந்து வளர்க்கத் தொடங்கினர். அவ்வில்லத்துக்கு "நம்பிக்கை" என்று பெயரிட்டனர். வணங்கத்தக்க செயல். ஆனால் இதை எடுத்துக்காட்டி, நீங்களும் இதுபோல் ஏதேனும் செய்யுங்கள் என்று துக்கத்திலுள்ள பெற்றோரை நெருக்குவது தவறு. மூன்று வேளை உண்டு, மற்றப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, இரவில் உறங்கி எழுந்தால் அதுவே முதலாண்டுக்குப் போதுமான சாதனை.

மருத்துவரை நாடவேண்டிய நிலைகளும் உண்டு. மகளோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்னும் எண்ணம் வழிவகைகளைத் தேடும் அளவுக்கு முற்றுதல், வாரக்கணக்கில் உண்ணாமை, துயரை மறக்கக் குடிக்கத் தொடங்குதல், தன்மேல் உள்ள குற்ற உணர்வு சற்றும் தணியாமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்கலாகாது. முதலாவது நிலையில் அவரைத் தனியே விடாமல் அன்றே அழைத்து வரவேண்டும். துயரின் கடுமை நாளாகியும் சிறிதும் குறையாது, அன்றாட வாழ்வே நின்றுபோனால் அதை நீடித்த துக்கக் கோளாறு என இன்றைய மருத்துவம் வகைப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதற்குக் குறைந்தது ஆறு மாதமும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாடு பெரியவர்களுக்கு ஓராண்டும் கால அளவாகக் கொள்கின்றன. இதற்குப் பேச்சுவழி மருத்துவம் உண்டு. மகளை மறக்கச் செய்வது அதன் நோக்கமன்று. மைய அரசின் டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416இல் எந்நேரமும் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.

வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளே பெரும்பாலும் மறக்கப்படுகின்றனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது விளங்காது, "அக்கா எப்போது வருவாள்?" என்று பலமுறை கேட்கும். "அக்கா தூங்குகிறாள்" என்று சொன்னால், அது இரவில் தூங்க அஞ்சும். "அக்காவை இயேசப்பா எடுத்துக்கொண்டார்" என்பது நம் வீடுகளில் அன்போடு சொல்லப்படும் விடை. அதைக் கேட்ட சிறுவன், அடுத்து என்னையும் எடுத்துக்கொள்வாரோ என்று ஜெபவேளையில் ஒளிந்துகொள்ள இடமுண்டு. "அக்காவின் உடம்பு மிகவும் நோயுற்றது, மருத்துவர்கள் முயன்றும் சரியாகவில்லை, இறந்துவிட்டாள், இனி வரமாட்டாள், நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை" என்று எளிய சொற்களில் முதலில் கூறவேண்டும். பரலோகத்தைப் பற்றிய நம்பிக்கையை அதன்பின் கூறலாம். சற்றுப் பெரிய பிள்ளைகள் பெற்றோர்முன் அழுதால் அவர்களும் அழுவார்கள் என்று அடக்கிக்கொள்வர். பள்ளியில் மதிப்பெண் குறைவதிலோ, வயிற்றுவலி என்று வீட்டில் தங்குவதிலோ அது வெளிப்படும். வகுப்பாசிரியருக்கு முன்னரே தெரிவித்துவைத்தல் நன்று.

லூத்தரின் மகன் ஹான்ஸ் டோர்காவுக்குத் திரும்பிச் சென்றபின், அவ்வாண்டு கிறிஸ்துமஸ் வேளையில் வீட்டை நினைத்து ஏங்கி, திரும்பி வந்துவிடத் தவித்தான். உடல் நலமில்லையென்றால் வந்துவிடு என்று தாய் சொல்லியனுப்பியிருந்த சொல்லைப் பற்றிக்கொண்டான். தந்தையோ, கண்ணீரை வென்று படிப்பில் நிலைத்திரு, தாயின் துயரத்தைக் கூட்டாதே என்று எழுதினார். இவ்விஷயத்தில் லூத்தரின் முடிவு நமக்கு உடன்பாடன்று. தங்கையை அடக்கம் செய்து மூன்று மாதமே ஆன பதினாறு வயது மகனைச் சில நாட்களுக்கேனும் வீட்டுக்கு அழைத்திருக்கலாம். நம் விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இத்தகைய இழப்பு நேர்ந்தால், பாடம் போய்விடுமே என்று உடனே திருப்பி அனுப்பிவிடாமல், அவர்கள் கேட்கும் நாட்களை வீட்டில் கழிக்க விடுதிக் காப்பாளரிடம் பெற்றோர் அனுமதி பெற்றுத் தரவேண்டும்.